ஆய்வுக் காலமும் உதவித்தொகைக் காலமும்: தமிழ் முனைவர் பட்ட ஆய்வில் நல்கை, மதிப்பீடு, பணிவாய்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

தமிழியல் முனைவர் பட்ட ஆய்வாளர் பெறும் நிதியுதவி, அவர்தம் ஆய்வை மதிப்பிடும் முறை, பட்டத்திற்குப் பிந்தைய பணிவாய்ப்பு ஆகியன பெரும்பாலும் தனித்தனிச் சிக்கல்களாகவே பேசப்படுகின்றன. இம்மூன்றும் ஒன்றுகூடி ஆய்வுப்பொருள் தேர்வையே தீர்மானிக்கின்றன. அதனால் சுவடிப் பதிப்பு, களஆய்வு, சொல்லடைவு போன்ற நெடிய உழைப்பை வேண்டும் பிரிவுகள் ஆய்வாளரை இழந்து வருகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. பல்கலைக்கழக நல்கைக் குழுவின் 2016, 2018, 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் தேசியத் தகுதித் தேர்வின் அமைப்பும் முதன்மைத் தரவுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: முனைவர் பட்ட ஆய்வு, ஆய்வு உதவித்தொகை, தேசியத் தகுதித் தேர்வு, நெறியாளர், புறத்தேர்வாளர், சுவடிப் பதிப்பு, உதவிப் பேராசிரியர் தேர்வு

முன்னுரை

தமிழ்த்துறைகளில் அளிக்கப்பெறும் ஆய்வேடுகளின் தலைப்புகளை வரிசையாகப் படித்துச் செல்வோர்க்கு ஓர் உண்மை விளங்கும். ஒரு நாவலாசிரியரின் படைப்புகளில் பெண் சித்திரிப்பு, ஒரு கவிஞரின் கவிதைகளில் சமுதாயச் சிந்தனைகள், ஒரு சிற்றிலக்கியத்தில் வாழ்வியல் நெறிகள் என ஒரே வார்ப்பில் அமைந்தனவே மிகுதி. இது குறித்த எள்ளல் கருத்தரங்க மேடைகளில் புதிதன்று. மாணவர்க்கு ஆர்வமில்லை, நெறியாளர்க்கு அக்கறையில்லை என்று முடித்துவிடுவதே வழக்கம். அம்முடிவு எளிது; ஆனால் போதாது. அச்சில் வந்த நூல்களை வைத்துக்கொண்டு நூலகத்திலிருந்தே எழுதி முடிக்கத்தக்க தலைப்பைத் தேர்ந்துகொள்ளும் ஆய்வாளர், தம் கையிலுள்ள பொருளுக்கும் காலத்திற்கும் ஏற்ற அறிவார்ந்த முடிவையே எடுக்கிறார். அவரை அம்முடிவுக்குத் தள்ளும் கணக்கு எத்தகையது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

பணியும் பட்டமும்: மாறிய வரிசை

உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தது 1880இல்; அச்சிட்டு வெளியிட்டது 1887இல். அந்த ஏழாண்டுகளும் அவர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக ஊதியம் பெற்று வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்றவராகக் குறிக்கப்படும் மு. வரதராசனார் 1948இல் அப்பட்டத்தைப் பெற்றபோது, பச்சையப்பன் கல்லூரியில் ஏறத்தாழ ஒன்பதாண்டு பணியாற்றி முடித்திருந்தார். தமிழ்க் காதல் என்னும் நூலாகப் பின்னர் வெளிவந்த வ. சுப. மாணிக்கனாரின் ஆய்வும் அவர் கல்லூரி ஆசிரியராயிருந்த காலத்தில் உருவானதே. முதல் தலைமுறையினர்க்குப் பணி முன்னும் பட்டம் பின்னுமாக இருந்தன. ஆய்வு என்பது வாழ்வூதியம் உறுதிப்பட்டபின் விரும்பி மேற்கொள்ளும் உழைப்பாக அமைந்தது. காலதாமதம் அவர்தம் அடுப்பைப் பாதிக்கவில்லை.

இன்று வரிசை தலைகீழாகியுள்ளது. முதுகலை முடித்த இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதினர் பணியை நோக்கமாகக் கொண்டு ஆய்வுக்குள் நுழைகின்றனர். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். தமிழாய்வு இவ்வாறு பரந்த சமூகத் தளத்திற்கு வந்து சேர்ந்தது பெரும்பேறு. எனினும், அன்று ஆய்வாளரைத் தாங்கிய ஊதியத்தின் இடத்தை இன்று எது நிரப்புகிறது என்ற வினாவை நம் துறைகள் உரியவாறு எழுப்பவில்லை.

உதவித்தொகையின் படிநிலைகள்

அந்த இடத்தை நிரப்பவேண்டியது ஆய்வு உதவித்தொகை. அதில் உச்சியில் இருப்பது நல்கைக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை. 2019இல் மாதம் 31,000 ரூபாயாக இருந்த இது, 2023 சனவரி முதல் 37,000 ரூபாயாயிற்று. முதல் ஈராண்டுக்குப் பின் முதுநிலை உதவித்தொகையாக மாறி 42,000 ரூபாய் ஆகிறது. மொத்தக் காலம் ஐந்தாண்டு. வாடகைப்படி தனி. இதனைப் பெறுபவர் உண்மையிலேயே முழுநேர ஆய்வாளராக வாழ இயலும்.

இதற்கு அடுத்த படி மிகத் தாழ்ந்தது. தகுதித் தேர்வு வழி உதவித்தொகை பெறாத முழுநேர ஆய்வாளர்க்கு நடுவண் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய் வழங்கப்படுகிறது. 2015 அக்டோபரில் இதனை நிறுத்த நல்கைக் குழு முடிவெடுத்தபோது தில்லியில் அக்குழுவின் அலுவலகத்தின் முன் மாணவர்கள் நெடுநாள் போராடினர். திட்டம் நிலைத்தது, தொகை உயரவில்லை. ஒரே துறையில், ஒரே நெறியாளரிடம், அருகருகே அமர்ந்து பணிபுரியும் இருவரில் ஒருவர் மற்றவரைப்போல் நான்கரை மடங்குக்கும் மேல் பெறுகிறார். இருவரையும் பிரித்தது அவர்தம் ஆய்வின் தரமன்று. ஒருநாள் எழுதிய கொள்குறி வினாத்தேர்வு.

அந்த 8,000 ரூபாயும் நடுவண் பல்கலைக்கழகத்தில் பயில்வோர்க்கே உரியது. தமிழகத்தில் தமிழாய்வின் பெரும்பகுதி மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றுடன் இணைந்த அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் நடைபெறுகிறது. அங்குள்ளோர்க்கு அத்திட்டம் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் தம் நிதியிலிருந்து சிறுதொகை வழங்குகின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் ஆகியோருள் முழுநேர ஆய்வாளர்க்குத் தமிழக அரசு வழங்கும் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1,00,000 ரூபாய். மாதக் கணக்கில் 8,333. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் உதவித்தொகையும், மாநில அரசு தேர்வு நடத்தி வழங்கும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும் சிலர்க்கு வாய்க்கின்றன. எஞ்சியோர் தனியார் பள்ளியிலோ சுயநிதிக் கல்லூரியிலோ பகுதிநேரமாகக் கற்பித்தும், விடைத்தாள் திருத்தியும், மெய்ப்புப் பார்த்தும் ஆய்வைக் கொண்டுசெல்கின்றனர். முழுநேர ஆய்வாளர் என்று பதிவேட்டில் இருப்பவர் பலர் வாழ்க்கையில் பகுதிநேர ஆய்வாளரே.

சமூக அடிப்படையிலான நடுவண் உதவித்தொகைகளின் போக்கும் கருதத்தக்கது. 2005-06இல் பட்டியலினத்தார்க்கென இராசீவ் காந்தி பெயரில் தொடங்கப்பட்ட உதவித்தொகை, தகுதித் தேர்வை எட்ட இயலாத நல்ல ஆய்வாளர்க்கு மாற்றுவழியாக அமைந்தது. பின்னாளில் அதுவும் தகுதித் தேர்வு முடிவோடு பிணைக்கப்பட்டது. சிறுபான்மையினர்க்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பல வாயில்கள் இருந்த இடத்தில் ஏறத்தாழ ஒரே வாயில் எஞ்சியுள்ளது.

முதல் தாளின் மொழி

அந்த வாயிலைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். தேசியத் தகுதித் தேர்வு 1989இல் தொடங்கியது. 2012 சூனுக்கு முன்பு வரை அதன் மூன்றாம் தாள் விரிவாக எழுதும் தாளாக இருந்தது. தொல்காப்பிய நூற்பா ஒன்றற்கு இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் உரைகொள்ளும் வேறுபாட்டை ஒருவர் எழுதிக்காட்டவும், மற்றொருவர் அதனைப் படித்து மதிப்பிடவும் அங்கு இடமிருந்தது. இப்போது இரு தாள்கள், 150 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணிநேரம், அனைத்தும் தெரிவு வினாக்கள். வாதத்தை அமைக்கும் ஆற்றலை இத்தேர்வு அளப்பதில்லை; அளப்பதாகச் சொல்லிக்கொள்வதுமில்லை.

தமிழ்ப்பாடத் தேர்வர்க்கு இதனினும் பெரிய தடை முதல் தாளில் உள்ளது. இரண்டாம் தாள் தமிழில் அமையும். எல்லாத் துறையினர்க்கும் பொதுவான முதல் தாள், 50 வினாக்கள், 100 மதிப்பெண், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்படுகிறது. இந்தி வழங்கும் பகுதியைச் சார்ந்த தேர்வர் தம் மொழியில் இத்தாளை எழுதுகிறார். தமிழ்வழியில் பயின்று தமிழிலேயே ஆய்வேடு எழுதப்போகிறவர், பத்தி வாசித்தலையும் தருக்கத்தையும் தரவு விளக்கத்தையும் பிறமொழியில் எதிர்கொள்கிறார். முதல் தாளின் பாடத்திட்டத்தில் இந்தியத் தருக்கம் ஓர் உட்பகுதி. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையை முறையாகப் பயின்ற தமிழ் மாணவர் அளவைகள் பற்றி அத்தேர்வர் பலரினும் தெளிவாக அறிந்திருப்பார். காட்சியும் கருத்தும் உவமமும் வடசொற்களாக ஆங்கில எழுத்தில் வந்து நிற்கும்போது அந்த அறிவு அவர்க்கு உதவுவதில்லை. இது நகைப்புக்குரிய சிறு முரண்போல் தோன்றலாம். ஆனால் உதவித்தொகைக்குரியோர் பட்டியல் இரு தாள்களின் கூட்டு மதிப்பெண்ணால் அமைவது. மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் இத்தாளுக்குரியது.

2024 முதல் இத்தேர்வு மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் கொள்ளப்படலாயிற்று. உதவித்தொகை பெறாத பிரிவினர்க்கு இம்மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்முகத்திற்கு 30 விழுக்காடும் அளிக்கப்படுகின்றன. ஆகவே முதல் தாளின் மொழி இனி நிதி பற்றிய சிக்கல் மட்டுமன்று. தமிழாய்வுக்குள் யார் வருவது என்பதே அதனால் பாதிக்கப்படும். மாநிலத் தகுதித் தேர்வு இக்குறையை ஈடுசெய்யும் என்பாரும் உளர். அத்தேர்வு உதவிப் பேராசிரியர் தகுதியை மட்டுமே வழங்கும். உதவித்தொகை அதில் இல்லை. தமிழகத்தில் அது ஆண்டுதோறும் ஒழுங்காக நடைபெற்றதுமில்லை.

கால எல்லையும் பொருள் தேர்வும்

2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்றாண்டும் மிகுதியாக ஆறாண்டும் வரையறுக்கிறது. மறுபதிவின் வழி இரண்டாண்டு நீட்டிப்பு உண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டாண்டு. எனினும் பத்தாண்டைக் கடத்தல் கூடாது. பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேற்று விடுப்பு உண்டு. இவ்வரையறைகள் இரக்கமற்றவை அல்ல. சிக்கல், ஒழுங்குமுறை தரும் காலத்துக்கும் உதவித்தொகை தரும் காலத்துக்கும் இடையில் உள்ள வெளியில்தான் தோன்றுகிறது. உயர்ந்த உதவித்தொகை பெறுபவர்க்கும் ஐந்தாண்டோடு பணம் நின்றுவிடுகிறது. மற்றையோர்க்கு மூன்றாண்டிலேயே நின்றுவிடுவதும், அதுவும் தவணை தவறி வருவதும் உண்டு.

இதுவரை அச்சேறாத சிற்றிலக்கியம் ஒன்றைப் பதிப்பிக்க விரும்பும் ஆய்வாளரைக் கருதுக. சுவடி எங்கெங்கு உள்ளது என்பதை அட்டவணைகளிலிருந்து திரட்ட வேண்டும். தஞ்சை சரசுவதி மகாலில் ஒன்றும், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் ஒன்றும், உ.வே.சா. நூலகத்தில் ஒன்றும், தனியார் வீட்டில் ஒன்றுமாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் பார்க்க இசைவு பெறல், எழுத்துப் பழகல், படியெடுத்தல், ஒப்புநோக்கல், பாடங்களை வரிசைப்படுத்தல், சிதைந்த இடங்களைக் குறித்தல் ஆகிய அனைத்தும் முடிந்த பின்னரே ஆராய்ச்சி முன்னுரையின் முதல் வரியை எழுத இயலும். புள்ளியிடாத மெய்யும், எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்துக்காட்டாத குறியீடும் கொண்ட ஏட்டில் ஐயமின்றிப் படிக்கப் பழகுவதற்கே ஓராண்டு கழிந்துவிடும். ஈராண்டு முடிவில் ஆய்வுக்குழுவின் முன் வைக்க அவரிடம் இயல் ஒன்றும் இராது. படியெடுத்த தாள்களே இருக்கும். அதே ஈராண்டில் அச்சு நாவல்களை ஆய்வவர் இரண்டு இயல்களை முடித்திருப்பார்.

களஆய்வாளரின் நிலையும் இத்தகையதே. இங்கு ஒரு சிறு தொகை பெரிய செய்தியைச் சொல்கிறது. நல்கைக் குழுவின் உதவித்தொகையோடு வரும் சில்லறைச் செலவு நிதி, அறிவியல் துறைகளுக்கு முதல் ஈராண்டில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், பின்னர் 25,000. கலைத்துறைகளுக்கு 10,000, பின்னர் 20,500. கலைத்துறை ஆய்வுக்கு நூலும் தாளும் போதும் என்னும் எண்ணம் இவ்வேறுபாட்டினுள் உறைகிறது. தெருக்கூத்து மரபையோ மீனவர் வழக்குச் சொற்களையோ தொகுக்கப் பல மாதம் ஊர்களில் தங்கிப் பதிவு செய்து எழுத்துப்படுத்தும் ஆய்வாளர்க்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் பயணத்திற்கே காணாது. உதவித்தொகையே இல்லாதவர்க்கு இதுவும் இல்லை.

பெரும்பணிகளின் செலவை முன்கூட்டி வரையறுத்தல் அரிது என்பதற்குத் தமிழ்ப் பேரகராதியே சான்று. ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாய் என மதிப்பிட்டு 1913இல் தொடங்கிய பணி, ஆறு தொகுதிகளாக 1936இல் நிறைவெய்தியபோது நான்கு இலட்சத்தைக் கடந்திருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் இடையில் கைவிட்டிருந்தால் நமக்கு அந்த அகராதி இல்லை. தனி ஆய்வாளர்க்கு அத்தகைய பொறுமையைக் காட்ட எவரும் இல்லை.

மதிப்பீடு

2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஆய்வேடு அளிப்பதற்குமுன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரு கருத்தரங்க உரைகளும் கட்டாயம் என்றது. நோக்கம் நன்று. விளைவாகத் தமிழில் பன்னாட்டுக் கருத்தரங்கம் என்னும் பெயரில் ஒருநாள் கூட்டங்களும், கட்டணம் பெற்று நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒரே தொகுதியில் அச்சிடும் வழக்கமும் பெருகின. அக்கட்டணத்தைச் செலுத்தியவர்கள் பெரும்பாலும் உதவித்தொகை இல்லாத மாணவர்கள். 2018இல் அறிவிக்கப்பட்ட இதழ்ப் பட்டியல் இதற்கு மருந்தாக வந்தது. பட்டியலில் இடம்பெற்ற சில தமிழிதழ்களின்முன் வரிசை நீண்டது. 2022 ஒழுங்குமுறை கட்டுரைக் கட்டாயத்தை நீக்கிற்று. 2025 பிப்ரவரியில் இதழ்ப் பட்டியலும் கைவிடப்பட்டது. இவ்விரு மாற்றங்களையும் இக்கட்டுரை வரவேற்கிறது. எனினும் பல்கலைக்கழகங்கள் தம் அளவில் பழைய கட்டாயத்தைத் தொடர இடமுண்டு.

கட்டுரை எண்ணிக்கையைவிட ஆய்வேட்டின் மதிப்பீடே இன்றியமையாதது. நெறியாளரும் குறைந்தது இரு புறத்தேர்வாளரும் மதிப்பிட வேண்டும். இயன்றவரை அவர்களுள் ஒருவர் இந்தியாவிற்கு வெளியிலிருந்து அமைதல் வேண்டும். அளித்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் முழு நடைமுறையும் முடிதல் வேண்டும் என்கிறது 2022 ஒழுங்குமுறை. தமிழுக்கு வெளிநாட்டுத் தேர்வாளர் கிடைப்பது அரிதன்று. யாழ்ப்பாணமும் பேராதனையும் மலாயாவும் நமக்கு அண்மையிலேயே உள்ளன. ஆயினும் தேர்வாளர் அறிக்கை பலவற்றில் இயல்களின் சுருக்கமும் பட்டத்திற்குப் பரிந்துரையும் தவிர வேறொன்றும் காணப்படுவதில்லை. வாய்மொழித் தேர்வு வாழ்த்தரங்காக முடிகிறது. பட்டத்தை மறுக்கவேண்டும் என்பது ஈண்டுக் கருத்தன்று. ஆறாண்டு உழைத்தவர்க்குத் தம் நூலைத் திருத்தி வெளியிட உதவும் மூன்று பக்கக் கண்டனம் கிடைப்பது அவர்க்குரிய ஊதியத்தின் ஒரு பகுதி. அதனை நாம் வழங்காமல் விடுகிறோம்.

பருவந்தோறும் கூடும் ஆய்வுக்குழுவைப் பற்றியும் ஒரு சொல். பணிமுன்னேற்றத்தை எழுதப்பட்ட இயல்களால் மட்டும் அளக்கும் பழக்கத்தை விடுவதற்குப் புதிய விதி எதுவும் தேவையில்லை. படியெடுத்த ஏடுகளின் எண்ணிக்கை, ஒப்புநோக்கிய பாடங்கள், பதிவு செய்து எழுத்துப்படுத்திய மணிநேரம் ஆகியவற்றை முன்னேற்றமாகப் பதிவு செய்யக் குழுவினர்க்கு இப்போதே உரிமை உண்டு. உதவித்தொகைத் தொடர்ச்சி பெரும்பாலும் இக்குழுவின் அறிக்கையைச் சார்ந்திருப்பதால், இப்பதிவு நேரடியான பணப்பயன் உடையது.

பட்டத்திற்குப் பின்

2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு 2021 சூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயம் என்றது. அது 2023 சூலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்நாள் நெருங்கியதும் கைவிடப்பட்டது. தகுதித் தேர்வே குறைந்த அளவுத் தகுதி, பட்டம் விருப்பத்திற்குரியது என்றாயிற்று. அந்தக் கட்டாயத்தை நம்பி ஐந்தாண்டை ஆய்வுக்குக் கொடுத்தவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேர்முகத்திற்கு அழைப்போரைத் தெரிவு செய்ய அதே ஒழுங்குமுறை தரும் பல்கலைக்கழக அட்டவணையில் முனைவர் பட்டத்திற்கு 30 மதிப்பெண், இளநிலை உதவித்தொகையுடன் கூடிய தகுதித் தேர்வுக்கு 7, அஃதின்றித் தேர்ச்சி மட்டும் எனின் 5, மாநிலத் தகுதித் தேர்வுக்கு 3. உதவித்தொகை பெற்றவர், பணத்தோடு மதிப்பெண்ணும் பெறுகிறார். ஆய்வு வெளியீடு ஒன்றுக்கு 2 வீதம் மிகுதியாக 10. இவ்விடம் தமிழாய்வாளர் கூர்ந்து நோக்கத்தக்கது: இங்கு வெளியீடு எனப்படுவது மதிப்பீட்டுக்குழு உடைய அல்லது பட்டியலிடப்பட்ட ஆய்விதழ்க் கட்டுரை மட்டுமே. ஆறாண்டு உழைத்து ஒருவர் வெளியிட்ட சுவடிப் பதிப்பிற்கு இவ்வட்டவணையில் இடமில்லை. பத்துப் பக்கக் கட்டுரை ஐந்து எழுதியவர் முழு மதிப்பெண்ணையும் பெறுகிறார். மூன்றாமாண்டு முடிவில் பதிப்புப் பணியை விட்டுக் கட்டுரை எழுதப்போகும் ஆய்வாளரைக் குறைகூற நமக்கு முகமில்லை.

நிலையான பணி வாய்க்காதவர்க்கு எஞ்சுவது கௌரவ விரிவுரையாளர் பணி. நல்கைக் குழு 2019இல் வகுத்த நெறி, விரிவுரை ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு மிகுதியாக 50,000 என்கிறது. தமிழக அரசுக் கல்லூரிகளில் வழங்கப்படுவதோ 25,000. அதுவும் ஆண்டில் 11 மாதம். முனைவர் பட்டமும் தகுதித் தேர்ச்சியும் உடையவர், ஆய்வு மாணவராக இருந்தபோது பெற்ற 42,000 ரூபாயிலிருந்து இத்தொகைக்கு இறங்குகிறார்.

வகுப்பறைப் பயிற்சி இதில் ஓரளவு கைகொடுக்கும். ஆய்வாளர்க்கு வாரம் நான்கு முதல் ஆறு மணிநேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம் என்பது 2022 ஒழுங்குமுறை. ஆசிரியரின் வகுப்பை இட்டுநிரப்பும் ஏற்பாடாக இது தாழ்ந்துவிடாமல், கற்பித்த பாடம், மணிநேரம் ஆகியவற்றைக் குறித்துத் துறை முறையான சான்று வழங்குதல் நன்று. பதிப்பகம், மொழிபெயர்ப்பு, அகராதியியல், ஆவணக்காப்பகம், மொழித்தொழில்நுட்பம் ஆகிய துறைகளுக்குச் செல்வோர்க்கு ஆய்வுக் காலத்திலேயே அந்நிறுவனங்களோடு பழக்கம் ஏற்படுத்தும் பொறுப்பும் துறைக்குண்டு. ஒருங்குறி எழுத்துருவில் அமையாத பழைய ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் தேடவியலாதபடி கிடக்கின்றன. அவற்றை மாற்றித் தரும் பணியொன்றே பல மாணவர்க்கு ஊதியத்தோடு கூடிய பயிற்சியாக அமைய வல்லது.

அட்டவணையை மாற்றுதல் தமிழ்த்துறைகளின் கையில் இல்லை. ஆய்விதழ்கள் நம் கையில் உள்ளன. அச்சேறாத சிறுநூல் ஒன்றை, நூறு பாடலுக்கு உட்பட்ட பதிகமோ கும்மியோ மாலையோ எதுவாயினும், சுவடி விளக்கம், பாடவேறுபாடு, குறிப்புரை ஆகியவற்றோடு ஆய்வுக் கட்டுரைக்குரிய முழு மதிப்பீட்டு நடைமுறைக்கு உட்படுத்தி இதழில் வெளியிடலாம். களஆய்வில் எழுத்துப்படுத்திய கதைப்பாடலும் வட்டாரச் சொற்றொகுதியும் அவ்வாறே இடம்பெறத்தக்கவை. மதிப்பீட்டுக்குழு உடைய இதழில் வந்தமையால் அவை ஒவ்வொன்றும் அட்டவணைப்படி வெளியீடாகவே கணக்கிடப்படும். எழுதுவோர்க்கு இரண்டு மதிப்பெண், நூலுக்கு அச்சு வாழ்வு. இதழொன்று ஆண்டுக்கு நான்கு பதிப்புகளை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தாலே, சுவடி நூலகத்திற்குச் செல்லலாமா என்று தயங்கி நிற்கும் நான்கு ஆய்வாளர்க்கு அது விடையாகும்.